தண்ணீர் மேல போகும்

வெள்ளி, காலை 5.50

நண்டலாற்றுப் பாலத்தில் ஏறும்போது நடத்துனர் உள்விளக்கைப் போட்டார். சென்னையிலிருந்து ஒன்பதரை மணி நேரம். சிதம்பரத்துக்கும் சீர்காழிக்கும் நடுவில் இரண்டு இடங்களில் சாலையைக் குறுக்கே அறுத்துக்கொண்டு வெள்ளம் ஓடியதால், அதில் ஒரு மணி நேரம் கூடுதல். பாலத்துக்கு வடக்கே தமிழ்நாடு, தெற்கே புதுச்சேரியைச் சேர்ந்த காரைக்கால். எல்லைக்கு அடையாளமாக ஒரு சோதனைச் சாவடியும், கதவு இறக்கிய மதுக்கடைகளும் இருந்தன. சாவடிக் காவலர் பேருந்தைப் பார்க்காமலேயே கையை ஆட்டினார்.

சுனாமிக்குப் பிறகு வந்த மூன்றாவது மழைக்காலம். நான்கு நாள் விடாமல் பெய்து, புதன்கிழமைதான் விட்டிருந்தது. சாலையின் இரு பக்கமும் சம்பா நடவு. பயிர் என்று சொல்ல நுனிகள்தான் தெரிந்தன. மற்றதெல்லாம் தண்ணீர்.

நான் வந்தது ஒரு வரைபடத்தை நம்பி. இரண்டு மாதத்துக்கு முன்பு சென்னையில் ஒரு கருத்தரங்கு. பூமி சூடேறுவதால் இனி மழை குறைந்த நாட்களில் கொட்டித் தீர்க்கும், கடல் உயரும், புயல்கள் வலுக்கும், கரையோர ஊர்களை அதற்கேற்ப வடிவமைக்க வேண்டும் என்று பேசினார்கள். அரங்கத்துச் சுவரில் ஆறடி அகலத்துக்கு ஒரு வண்ணப்படம். காரைக்கால் கடற்கரையில் மீனவர்களுக்காக ஒரு தொண்டு அமைப்பு கட்டியிருக்கும் குடியிருப்பு. எழுபத்திரண்டு வீடுகள், சவுக்குத்தோப்பு, சமுதாயக்கூடம், நீல அம்புகளாக மழைநீர் வடிகால். கீழே ஒரு வரி: ‘கடல் உயர்ந்தாலும் தாங்கும் ஊர்.’ ஒரு பெரிய மழை முடிந்தவுடன் அதைப் போய்ப் பார்ப்பது என்று அன்றே முடிவு செய்தேன். ஊரின் பெயரை எழுத வேண்டாம் என்று அங்குள்ளவர்கள் கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. திருமலைராயன்பட்டினத்துக்குக் கிழக்கே என்றால் போதும்.

காலை 7.15

காரைக்கால் பேருந்து நிலையத்தில் தேநீர் மூன்று ரூபாய். ஜபருல்லாவின் ஆட்டோவை நாள் வாடகைக்குப் பேசினேன், முந்நூற்றைம்பது. ஐம்பது வயது இருக்கும். திருமலைராயன்பட்டினத்துக்காரர்; இங்கே சுருக்கமாகப் பட்டினம். அரசலாற்றுப் பாலத்தில் நிறுத்தச் சொன்னேன். ஆறு காவி நிறத்தில் கரை தளும்ப ஓடியது. ஒரு வாழைமரம் குலையோடு போனது.

“போன மாசம் வந்திருக்கணும் மேடம் நீங்க. பச்சைப் பசேல்னு இருந்துச்சு. இப்ப மீன் பிடிக்கிறவங்களுக்குத்தான் வசதி. படகே வேணாம், ரோட்டுல நின்னு வலைய வீசலாம்” என்றார்.

நிரவி தாண்டிப் பட்டினம். காரைக்காலிலிருந்து ஏழு கிலோமீட்டர். அங்கிருந்து கிழக்கே திரும்பினோம். முதலில் கடலைப் பார்த்துவிடலாம் என்றேன். வயல்களைத் தாண்டி ஓரிடத்தில் ஆட்டோ திணறியது. ஜபருல்லா கியரை மாற்றினார். கடலை நோக்கிப் போகிறோம், ஆனால் ஏறிக்கொண்டிருக்கிறோம்.

“மணல் மேடுங்க. கடலோரமா நீளத்துக்கு இப்படித்தான் கெடக்கும்” என்றார் அவர். மேட்டில் ஏறியதும் கடல் தெரிந்தது. சாம்பல் நிறம், சீற்றம் அடங்கவில்லை. படகுகள் எல்லாம் மணலில் ஏற்றப்பட்டிருந்தன. கரையில் பழைய மீனவக் குடியிருப்பு. பாதி வீடுகள் அடித்தளம் மட்டும். எஞ்சியவற்றில் சிலவற்றுக்குத் தார்ப்பாய்க் கூரை, உள்ளே வலைகளும் எஞ்சின்களும். தரை காய்ந்திருந்தது. நான்கு நாள் மழை பெய்த இடம் என்று சொல்ல முடியாது. மணல் குடித்துவிட்டது.

திரும்பி மேட்டிலிருந்து இறங்கினோம். கடலிலிருந்து சுமார் எண்ணூறு மீட்டர் மேற்கே புதிய குடியிருப்பு.

காலை 8.40

முதல் பார்வைக்கு நல்ல வேலை. வடக்கு தெற்காக வரிசைகள். ஒவ்வொரு வீடும் இரண்டடி உயர மேடையில். புயல் நேரத்தில் ஏறிக்கொள்ள மொட்டைமாடிக்கு வெளியிலிருந்தே படிக்கட்டு. காற்று மோதித் திரும்பாமல் வழுக்கிப் போகும்படி சுவர்களின் மூலைகள் வளைக்கப்பட்டிருந்தன. கிழக்கு ஓரத்தில் சவுக்குக் கன்றுகள், அவற்றின் காலடியில் சிமெண்டு வடிகால். மேற்கு ஓரத்தில் மண் கொட்டி நான்கடி உயர்த்திய சாலை. அதில்தான் உள்ளே வர வேண்டும். கடற்கரை ஊர்கள் பலவற்றைப் பார்த்திருக்கிறேன். இவ்வளவு யோசித்துக் கட்டியதைப் பார்த்ததில்லை.

கிழக்கிலிருந்து மேற்காக நடந்தேன். முதல் வரிசையில் வாசலில் கோலம். இரண்டாவது, மூன்றாவது வரிசைகளில் ஈரம். கடைசி வரிசையில் தெருவே இல்லை, தண்ணீர்தான். முழங்காலளவு. ஒவ்வொரு வீட்டின் படிக்கட்டிலும் மெத்தை, பாய், பள்ளிக்கூடப் பைகள். சுவரில் சேற்றுக் கோடு. அளந்தேன். வீட்டுத் தரையிலிருந்து ஒரு சாண்.

அறுபத்தொன்றாம் எண் வீட்டில் ஒரு பெண் முறத்தால் சேற்றை வாரி வெளியே தள்ளிக்கொண்டிருந்தார். நாற்பது வயதுக்குள். பெயர் செல்வராணி. மீன் விற்பவர். கணவர் சிங்காரவேலு ஃபைபர் படகில் போகிறார். இரண்டு பெண் பிள்ளைகள்.

“யாருங்க? கொம்யூன்லேருந்தா?” என்றார். பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன சொல். இங்கே உள்ளாட்சி அலுவலகத்துக்கு அதுதான் பெயர்.

“இல்லை, பத்திரிகைக்கு எழுதுகிறவள்.”

“அப்ப செருப்பக் கழட்டாதீங்கக்கா. உள்ள சேறு.”

உள்ளே போனேன். ஒரு கூடம், ஓர் அறை, சமையலறை. சாமி படங்களை விட்டத்துக் கொக்கியில் மாட்டியிருந்தார். எல்லாவற்றுக்கும் கீழே, ஆனால் தண்ணீர் எட்டாத உயரத்தில், ஒரு பையனின் புகைப்படம். பள்ளிச் சீருடை, வயது ஒன்பதோ பத்தோ. நான் பார்ப்பதை அவர் பார்த்தார்.

“மூத்தவன். அலையில போயிட்டான்” என்று சொல்லிவிட்டு முறத்தை எடுத்துக்கொண்டார்.

வீடு இந்த வரிசையில் எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன். சீட்டுக் குலுக்கியிருப்பார்கள் என்று நினைத்தேன். இல்லை.

“குலுக்கல் எல்லாம் மத்தவங்களுக்குத்தான். எங்க ஊர்ப் பஞ்சாயத்துல பேசினாங்க. யாரு வூட்டுல உசுரு போச்சோ அவங்க மொதல்ல எடுத்துக்கட்டும், மீதியக் குலுக்கிக்கலாம்னு. பதினாலு குடும்பம். நாங்க பதினாலு பேரும் இந்தக் கடைசி வரிசையத்தான் கேட்டோம். அலை இங்க வரணும்னா அம்பத்தெட்டு வீட்டத் தாண்டி வரணும்ல? அதப் பாத்துதான் எடுத்தேன்.”

வெளியே வந்து வரிசையை மறுபடியும் எண்ணினேன். பதினான்கு வீடுகள். மூழ்கியவையும் அவைதான். வேறு ஒரு வீட்டுக்குள்ளும் தண்ணீர் போகவில்லை. பிள்ளைகளையும் பெற்றோரையும் கடலுக்குக் கொடுத்தவர்களுக்கு, ஊர் கூடி, ஆசையோடு, பாதுகாப்பானது என்று ஒதுக்கிக் கொடுத்த பதினான்கு வீடுகள். குறிப்பேட்டில் எழுதினேன். எழுதிய வரியை என்னாலேயே நம்ப முடியவில்லை.

“இதச் சொல்லத்தான் யாருமில்லைன்னு இருந்தேன். நாளைக்குப் பதினோரு மணிக்குக் கொம்யூன்காரங்க வராங்க. கடலோர வூட்ட அரசாங்கத்துக்கு எழுதிக் குடுத்துடணும். குடுத்தாத்தான் இது என் பேருக்கு வரும். மத்தவங்க சித்திரையிலயே போட்டுட்டாங்க. எங்க வரிசை கடைசியா முடிஞ்சதால நாங்க பாக்கி. கையெழுத்துப் போட்டா அந்த வூட்ட இடிச்சிடுவாங்க. அப்புறம் எனக்கு இது ஒண்ணுதான்” என்றார் செல்வராணி.

“போடப் போகிறீர்களா?”

“சின்னவளுக்கு அலைச் சத்தம் கேட்டா தூக்கம் வராது. பெரியவளுக்கு இங்க தண்ணி வந்ததுலேருந்து காய்ச்சல். எத நம்பிப் போடுறது, சொல்லுங்க.”

காலை 10.30

வாசல்படியில் இரண்டு வரி செங்கல் உயர்த்துவதற்காக செல்வராணி வரச் சொல்லியிருந்த மேஸ்திரி வந்தார். பெயர் கலியபெருமாள். நிரவிப் பக்கத்து விவசாயி. சாலைக்கு மேற்கே அவருக்கு மூன்று மா, அதாவது ஏறக்குறைய ஒரு ஏக்கர், நிலம் இருக்கிறது. இந்தக் குடியிருப்பின் வடிகாலைக் கட்டிய கொத்தனார்களில் அவரும் ஒருவர்.

“வாங்க மேஸ்திரி, நீங்க கட்டின சாக்கடைல நீஞ்சியே வந்திருக்கீங்க” என்றார் செல்வராணி.

“கட்டச் சொன்னாங்க, கட்டினேன். உங்க ஆளுங்களுக்கு உப்புத் தண்ணியில முப்பது மைல் போவத் தெரியுது, நல்ல தண்ணியக் கண்டா மெத்தையத் தூக்கிக்கிட்டு மாடிக்கு ஓடுறீங்க.”

“ஓடாம? உங்க நெலத்துக்குப் பாய வேண்டியது என் அடுப்புல பாஞ்சா?”

தண்ணீர் ஏன் வடியவில்லை என்று அவரிடம் கேட்டேன். அவர் ஆட்டோவைப் பார்த்து, “அண்ணே, ஒரு கை குடுக்கிறீங்களா?” என்று ஜபருல்லாவைக் கூப்பிட்டார். பையிலிருந்து உள்ளிருப்பது வெளியே தெரியும் ஒரு நீளமான பிளாஸ்டிக் குழாயை எடுத்தார். அதில் தண்ணீர் நிரப்பி இரண்டு முனைகளையும் தூக்கிப் பிடித்தால், எவ்வளவு தூரத்திலும் இரண்டு பக்கத் தண்ணீரும் ஒரே மட்டத்தில் நிற்கும். கட்டடம் கட்டும் எல்லாரிடமும் இருக்கும் கருவி.

செல்வராணி தன் வீட்டுத் தரையில் ஒரு முனையை வைத்துப் பிடித்தார். ஜபருல்லா கிழக்கே நடந்தார். குழாய் எழுபதடிதான் என்பதால் வீட்டுச் சுவர்களில் கரிக்கோடு போட்டுக்கொண்டே இடம் மாற்றி மாற்றி, ஒன்பது தடவை. ஒவ்வொரு கோட்டையும் நான் குறித்துக்கொண்டேன். பன்னிரண்டு மணிக்குக் கிழக்கு வடிகாலுக்கு வந்து சேர்ந்தோம். அதில் சருகுகள் காய்ந்து கிடந்தன. கலியபெருமாள் உள்ளே இறங்கி, கடைசிக் கோட்டிலிருந்து வடிகாலின் அடிவரை விரல் வைத்து அளந்தார். எண்ணி முடித்தும் நிமிரவில்லை. மறுபடியும் அளந்தார்.

“நாலு விரக்கடை மேல இருக்கு” என்றார்.

எது, எதற்கு மேலே என்று கேட்டேன்.

“இந்த வடிகாலோட அடி. அவங்க வூட்டுத் தரைக்கு.”

கழிவுநீரும் மழைநீரும் வந்து விழ வேண்டிய பள்ளத்தின் அடி, மனிதர்கள் படுத்துறங்கும் தரையைவிட நான்கு விரல் உயரம். அதாவது செல்வராணி வீட்டுக்குள் தண்ணீர் நான்கு விரல் ஏறிய பிறகுதான் இந்த வடிகாலில் முதல் சொட்டு விழும். அது ஓட ஆரம்பிக்க, ஒரு சாண் வேண்டும். சுவரில் நான் பார்த்த சேற்றுக் கோடு விபத்து அல்ல. வடிவமைப்பு சரியாக வேலை செய்தால் தண்ணீர் நிற்க வேண்டிய மட்டமே அதுதான்.

“இந்த எடம் எப்பவும் இப்படித்தாங்க. கீழண்ட மணல் மேடு. மேலண்ட பள்ளம், களிமண்ணு. மழைத் தண்ணி மேட்டுலேருந்து எறங்கி மேல வாய்க்காலுக்குத்தான் போவும். அது தெக்க ஓடி ஆத்துல சேரும். இப்ப நடுவுல ரோட்டப் போட்டு அடைச்சாச்சு. ஒரு குழாகூட வைக்கல” என்றார் கலியபெருமாள்.

“கட்டும்போது சொல்லவில்லையா?”

“சொல்லலியா? கூட்டம் போட்டுக் கேட்டாங்கங்க. எல்லாருந்தான் சொன்னோம். எழுதிக்கூட வச்சிக்கிட்டாங்க.”

மாலை 4.00

சமுதாயக்கூடத்தில் அமைப்பின் பொறியாளரைச் சந்தித்தேன். அருண். இருபத்தாறு வயது, சென்னையில் படித்தவர், வேலையில் சேர்ந்து எட்டு மாதம். மூன்று நாளாகத் தூங்காத கண்கள். மோட்டார் வைத்துத் தண்ணீர் இறைக்கப் போராடிக்கொண்டிருந்தார். அளவுகளைக் காட்டினேன். மறுக்கவில்லை.

“மண் கொட்டின பிறகு லெவல் எடுத்திருக்காங்க மேடம். அப்ப மேற்குப் பக்கம் உயரமா இருந்திருக்கு. அடியில களிமண், ரெண்டு மழையில இறங்கிடுச்சு.”

“ஊர்க்காரர்கள் சொன்னதை எழுதி வைத்திருப்பதாகச் சொல்கிறார்களே.”

அவர் உடனே பீரோவைத் திறந்தார். அதில் அவருக்குப் பெருமை இருந்தது தெரிந்தது. மக்களைக் கேட்டுக் கட்டிய ஊர் என்பதுதான் கருத்தரங்கிலும் பேச்சு. கூட்டக் குறிப்புகள், தட்டச்சு செய்தவை, வரிசை எண்ணோடு. சமையலறை ஜன்னல் எந்தப் பக்கம், வலை உலர்த்த இடம், பெண்கள் குளிக்க மறைப்பு. எல்லாம் அப்படியே கட்டப்பட்டிருந்தன. ஒன்பதாவது குறிப்பில் என் விரல் நின்றது.

‘மழைத் தண்ணீர் மேல போகும். மேல வாய்க்காலை அடைக்கக் கூடாது.’

இரண்டு ‘மேல’வையும் சிவப்பு மையால் அடித்து, இரண்டின் தலையிலும் ‘கீழ’ என்று எழுதியிருந்தது. நேர்த்தியான திருத்தம். செய்தி அறையில் இருபது வருடம் பார்த்த அதே வளைந்த கோடு, அதே ஓரக்குறி.

“இது யார் திருத்தியது?”

“எனக்கு முன்னாடி இருந்தவங்க. சென்னை ஆபீஸ்ல. நான் சேர்ந்தப்பகூட அதைச் சொல்லிச் சிரிப்பாங்க. தண்ணி எங்கயாவது மேல போகுமான்னு. டைப் பண்றவர் தப்பா அடிச்சிட்டார்னு நெனச்சிருக்காங்க.” சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். வாசல் வழியாக மேற்கே பார்த்தார். பிறகு அந்தத் தாளைப் பார்த்தார். “மேல...ன்னா?”

“மேற்கு.”

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். என் மேசைக்கு அந்தத் தாள் வந்திருந்தால், நிருபரைத் திட்டிக்கொண்டே நானும் அதே திருத்தத்தைத்தான் செய்திருப்பேன். காவிரிக் கழிமுகம் முழுவதும் நிலம் கிழக்கே சாய்கிறது. அங்கெல்லாம் ‘கீழ’ என்றால் கிழக்கும்தான், பள்ளமும்தான். இரண்டு பொருளும் பிரிந்து எதிரெதிராக நிற்பது, கடலோர மணல் மேட்டுக்குப் பின்னால் இருக்கும் இந்தச் சிறு துண்டில் மட்டும். அந்தத் துண்டில்தான் ஊரைக் கட்டி, ‘கீழ’ என்ற திருத்தத்தை நம்பி வடிகாலைக் கிழக்கே வைத்திருக்கிறார்கள்.

காரைக்காலுக்குத் திரும்பும் வழியில் ஜபருல்லாவிடம் சொன்னேன். ஆட்டோவை ஓரம் கட்டிவிட்டுச் சிரித்தார். “அப்ப பக்கத்து ஊரு கீழவாஞ்சூர் பாதாளத்துலயா இருக்கு? எங்க மாமா வீடு மேலத்தெரு. மாடியில குடியிருக்காருன்னு எழுதிடுவாங்களோ?” கொஞ்ச தூரம் போன பிறகு அவரே, “சிரிக்கக் கூடாது மேடம். அந்த அம்மா புள்ளயக் குடுத்தவங்க” என்றார்.

சனி, காலை 8.15

போய்ச் சேர்ந்தபோது மேற்குச் சாலையில் பதினான்கு வீட்டு ஆட்களும் நின்றார்கள். கடப்பாரை, மண்வெட்டி. நடுவில் கலியபெருமாள் குச்சியால் கோடு கிழித்துக்கொண்டிருந்தார். செல்வராணியின் கணவர் சிங்காரவேலு முதல் வெட்டு வெட்டினார். கடலில் எத்தனை வருடம் போனவராக இருந்தாலும் மண்வெட்டி அவர் கையில் துடுப்பைப்போல்தான் போய் வந்தது.

“மாப்ள, மண்ண வெட்டுங்க, தண்ணிய வலிக்காதீங்க” என்றார் கலியபெருமாள். பெண்கள் சிரித்தார்கள்.

சரியாக ஐம்பது நிமிடம். எதிர்ப்பக்கம் திறந்ததும் முதலில் ஒரு கயிறு அளவுக்குத்தான் வந்தது. பிறகு இரு பக்க மண்ணையும் தானே கரைத்துக்கொண்டு அகலமானது. இரைச்சல் பேச்சை அமுக்கியது. தண்ணீர் சாலையைக் கடந்து, மேற்கே, வாய்க்காலில் விழுந்து தெற்கே திரும்பி ஓடியது. ஒரு கிழவர் தண்ணீரைப் பார்த்தபடி, “சொல்லி ரெண்டு வருசம்” என்றார். பத்தரை மணிக்கு செல்வராணி வீட்டுப் படியில் ஒரு படி கூடுதலாகத் தெரிந்தது.

காலை 10.55

ஜீப் வெட்டுக்கு அந்தப் பக்கம் நின்றது. ஆறடி அகலம். அருண் இறங்கினார். அவருக்குப் பின்னால் பதிவேட்டை மார்போடு அணைத்தபடி கொம்யூன் எழுத்தர்.

“யாரு இதை உடைச்சது?” என்று கேட்டார் எழுத்தர்.

செல்வராணி வெட்டின் விளிம்புக்குப் போனார். “தண்ணி மேல போவுது சார். வந்து பாருங்க” என்று அருணிடம் சொன்னார். குரலில் கேலி இல்லை. அருண் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு காலணியைக் கழற்றி, பேன்ட்டை மடித்து, முழங்காலளவு ஓட்டத்தில் சிங்காரவேலுவின் கையைப் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கம் வந்தார். எழுத்தருக்குப் பலகை போட்டார்கள்.

சமுதாயக்கூடத்தில் பதிவேடு விரிக்கப்பட்டது. முதல் பெயர் வேறொருவருடையது. அவர் செல்வராணியைப் பார்த்தார். செல்வராணி முன்னால் வந்தார்.

“ரோட்டுக்குக் கீழ குழா வச்சுக் குடுங்க. மேல வாய்க்காலத் தூர் வாரிக் குடுங்க. அடுத்த மழை வரட்டும். வூட்டுக்குள்ள தண்ணி வரலேன்னா நானே கொம்யூனுக்கு வந்து போட்டுட்டுப் போறேன்.”

குழாய் வைக்கத் திருத்திய வரைபடம் சென்னையிலிருந்து வர வேண்டும், மூன்று மாதம் ஆகலாம் என்றார் அருண். தன் பெயரைப் போட்டு இன்றே எழுதுவதாகவும் சொன்னார்.

எழுத்தர் பேனாவைத் திறந்தார். “அப்ப மறுப்புன்னு எழுதிக்கிறேன்.”

“நான் எங்க மறுத்தேன்?”

“கையெழுத்துப் போடலேன்னா மறுப்புதாம்மா. ரெண்டு கட்டந்தான் இருக்கு. ஒப்புதல், மறுப்பு.”

மறுப்பு என்று எழுதினால் என்ன ஆகும் என்று கேட்டேன். ஒதுக்கீடு ரத்தாகும், வீடு வேறு பயனாளிக்குப் போகும் என்றார். அவர் கெட்டவர் அல்ல. அச்சடித்த தாளில் இருப்பதைச் சொன்னார். முந்தைய நாள் ஒரு சொல்லை அடித்த சிவப்புக் கோட்டைப் பார்த்தவள் நான். இப்போது என் கண் முன்னாலேயே இன்னொரு சொல் எழுதப்பட இருந்தது.

செல்வராணி பதிவேட்டின் மேல் கையை விரித்து வைத்தார். தன் பெயர் இருந்த வரியை உள்ளங்கை மூடியிருந்தது.

“குழா கேட்டேன்னு எழுதுங்க. இல்லேன்னா எதுவும் எழுதாதீங்க. எங்க வாயில வராததை இன்னொரு தடவை எழுதாதீங்க, சார்.”

எழுத்தர் அருணைப் பார்த்தார். அருண் தரையைப் பார்த்தார். எழுத்தர் பேனாவை மூடினார். பதினான்கு வரிகளும் காலியாகவே பதிவேடு மூடப்பட்டது. மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்று பலகையில் ஏறிப் போனார். என்ன கேட்பார், எந்தச் சொல்லில் கேட்பார் என்று தெரியவில்லை.

பிற்பகல் 2.40

பட்டினம் சாலை வரை செல்வராணி கூட வந்தார். கடற்கரைக்குப் போகும் வழி. பழைய வீட்டில் வலையும் பாத்திரங்களும் இருக்கின்றன.

இனி என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

“மழை புடிச்சா புள்ளைங்களக் கூட்டிக்கிட்டு அங்க போயிடுவேன். கடல் பொங்கினா அங்கேருந்து இங்க ஓடியாந்துடுவேன்.”

கேட்டிருக்க வேண்டாம். கேட்டுவிட்டேன். “புயல் என்றால் இரண்டும் ஒரே நாளில் வருமே?”

அவர் கூடையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டார்.

“அதுக்குத்தான் இந்த ஊருக்குப் படம் போட்டாங்கன்னு நெனச்சோம்” என்றார்.

காரைக்கால் போகும் நகரப் பேருந்தில் கட்டணம் மூன்று ரூபாய். சென்னைப் பேருந்து நான்கரைக்கு. சென்னையில் நான் இருப்பது மூன்றாவது மாடி. இருபது வருடத்துக்கு முன்பு அங்கே ஏரி இருந்தது என்று சொல்வார்கள். ஒவ்வொரு மழைக்கும் வாகன நிறுத்தத்தில் தண்ணீர் நிற்கும், மோட்டார் வைத்துத் தெருவுக்கு இறைப்போம், தெரு அதைத் திருப்பி அனுப்பும். இருபத்துநான்கு குடும்பங்கள். அதில் கட்டடப் பொறியாளர்கள் இரண்டு பேர். எங்கள் தெருத் தண்ணீர் எந்தத் திசையில் போக வேண்டும் என்று கேட்டால் எங்களில் ஒருவருக்கும் தெரியாது. செல்வராணியின் ஊரில் அது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. கேட்டபோது சொன்னார்கள். கேட்டவர்கள் அதைத் தாளில் எழுதியும் கொண்டார்கள்.